நூல் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும்: உங்கள் அனுபவம் என்ன?

வீடு கட்டும் உறுப்பினர், திருச்சி:
எங்கள் ஆசாரி நிலைகளை மிகத் துல்லியமாகச் செய்து தந்தார். உள் அகலம் சரியாக மூன்று அடி. நானோ கதவுகளை ஆலையில் செய்தவையாக வாங்கினேன். அவற்றின் அகலம் 900 மி.மீ. ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஆகையால் மூன்று அடி 914.4 மி.மீ. என்பதைக் கதவு வந்து இறங்கிய பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். இருபுறமும் மூன்று மி.மீ. இடைவெளி விட்டாலும் எட்டு மி.மீ. மிஞ்சி நின்றது. கீல் பக்கம் எட்டு மி.மீ. தேக்குப் பட்டி ஒட்டலாமா என்று தயங்கியபடி கேட்டேன். ஆசாரியோ நாடாவைப் பார்க்காமலேயே, இரண்டரை நூல் பட்டி போதும் என்றார். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ.; இரண்டரை நூல் 7.94 மி.மீ. அவர் கணக்கும் என் கணக்கும் தாளின் தடிமன்கூட வேறுபடவில்லை. தவறு முழுவதும் என்னுடையதே: நிலையை ஓர் அளவையிலும் கதவை வேறோர் அளவையிலும் சொல்லியிருக்கக் கூடாது.

இரும்புக்கடை நடத்தும் உறுப்பினர், ஈரோடு:
ஐயா, எங்கள் கடையில் இது அன்றாடக் கதை. மூன்று நூல் கம்பி கேட்பவருக்கு 10 மி.மீ. கம்பியையும், நான்கு நூல் கேட்பவருக்கு 12 மி.மீ. கம்பியையும் தருகிறோம். உண்மையில் மூன்று நூல் 9.525 மி.மீ.தான், நான்கு நூலோ 12.7 மி.மீ. ஒன்றில் வாங்குபவருக்குச் சற்றுக் கூடுதல், மற்றொன்றில் சற்றுக் குறைவு. பெயர் பழையது, பொருள் புதியது; அதனால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் அரை மி.மீ.தானே என்று விட்டுவிடவும் கூடாது. விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 617 கிராம், 9.5 மி.மீ. ஆனால் 557 கிராம். பன்னிரண்டு மீட்டர் நீளக் கம்பியில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இரும்பு போய்விடும். விட்டம் அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பரை நம்பவும் வேண்டாம். கம்பியில் வரிவரியாகப் புடைத்திருக்கும் மேட்டின் மேல் வைத்தால் கூடுதலாகவும், இடையில் வைத்தால் குறைவாகவும் காட்டும். ஒரு மீட்டர் துண்டை எடை போட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி.

ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்:
இரும்பிலிருந்து மழைக்கு வருகிறேன். எனக்கு மில்லிமீட்டர் பழக்கமானது மொட்டை மாடியில் வைத்த மழைமானியால். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுவேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மழையை உழவுக் கணக்கில்தான் பேசுவார்கள். ஓர் உழவு மழை என்றால் ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தது என்று பொருள். மண்ணுக்கேற்ப அது மாறும், மில்லிமீட்டர் மாறாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் நீர். இதை விளக்கியதும் பக்கத்து வீட்டு மாமா தம் ஆயிரம் சதுர அடி மாடிக்குக் கணக்குப் போட்டார். சுமார் 93 சதுர மீட்டர், ஆகவே 10 மி.மீ. மழையில் 930 லிட்டர். அடுத்த வாரமே மழைநீர்க் குழாயைத் தொட்டியில் இணைத்துவிட்டார். ஆனால் தொலைக்காட்சி 2 செ.மீ. என்றும் என் குறிப்பேடு 20 மி.மீ. என்றும் சொன்ன நாளில், பத்து மடங்கு மிகைப்படுத்துகிறேன் என்று என்மீது குறைபட்டவரும் அவரே.

வீடு கட்டும் உறுப்பினர், திருச்சி:
இரும்புக்கடை ஐயாவுக்கு நன்றி. மீதமிருந்த 10 மி.மீ. கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி, மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 600 கிராம் காட்டியது. ஆசாரியிடம் சொன்னபோது, மூன்று நூல் கம்பிக்கு அது அதிகம் என்றார்.