வீட்டோடு உட்கார்ந்து செய்த கைவேலை: உங்களை இன்னும் விடாதது எது? (மும்பைத் தமிழர் அனுபவங்கள்)

செம்பூர் அம்மா

மூணு வருஷமாக மனசில் கிடக்கிறது, இங்கே எழுதிவிடுகிறேன். தீபாவளிக்குக் கந்தில் செய்தோம், இங்கே வாசலில் தொங்கவிடுகிற காகிதக் கூண்டு விளக்கு. ஈர்க்கில் கட்டுகிற பழைய மாதிரி. விளக்குமாற்றிலிருந்து ஒரே நீளத்தில் 24 ஈர்க்கு நறுக்கி, நாலு நாலாகக் கட்டினால் ஆறு சதுரம். அவற்றை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டினால் நடுநடுவே எட்டு முக்கோணம் தானாக வந்துவிடும். அதைப் பார்த்து என் பெண் கைதட்டிக் குதித்தாள். அப்போது அவளுக்கு 7 வயசு. பட்டம் விடுகிற காகிதம் அஞ்சு கலர், மைதா பசை, ஒரு குட்டி எல்இடி பல்பு. பல்பு வீட்டிலேயே இருந்ததால் செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை.

ஒட்டியதெல்லாம் அவள்தான். ஆரஞ்சுத் தாள் மட்டும் சுருங்கி, பசை வழிந்து, திட்டுத் திட்டாக இருந்தது. மறுநாள் நாத்தனார் குடும்பம் வருகிறது, பால்கனியில் தொங்கப் போகிறது, பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று ராத்திரி அவள் தூங்கியதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒன்றை விறைப்பாக ஒட்டி வைத்தேன்.

சாயங்காலம் பல்பைப் போட்டோம். எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். அவள் மட்டும் கீழே நின்று அண்ணாந்து சுற்றிச் சுற்றி வந்தாள். "அம்மா, ஆரஞ்சுல என் கை இருந்துச்சே?"

முந்தின நாள் அப்பாவும் அவளும் பல்பு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பசைக்கை பதிந்த இடம் வெளிச்சம் புகாமல், அஞ்சு விரலும் தெரிந்திருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன், எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. உள்ளே போய் டிவி போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் ரெண்டு தீபாவளிக்கும் மாகிம் கந்தில் கல்லியில் வாங்கித்தான் மாட்டினோம். செய்யலாமா என்றால் "வாங்கிக்கலாம்மா" என்கிறாள். உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

டோம்பிவிலி அப்பா

மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள் சகோதரி. குழந்தைக்கு நேர்த்தி என்றால் என்ன என்பதும் தெரிய வேண்டும் இல்லையா? நாம் காட்டாமல் யார் காட்டுவது? எங்கள் அப்பா நான் ஒட்டிய பட்டத்தை எத்தனை தடவை பிரித்து ஒட்டியிருப்பார்! அதனால்தான் எனக்குக் கை படிந்தது. இன்னொன்று, மைதா பசைக்குக் கரப்பான் வரும். ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுங்கள், அண்டாது.

முலுண்டு வாசி

எங்களுடையது கில்லா. தீபாவளி லீவில் இங்கே மராத்திப் பிள்ளைகள் காம்பவுண்டில் மண் கோட்டை கட்டுவார்களே, அது. எங்கள் பையன் நானும் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். உடைந்த செங்கல்லை அடுக்கி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, மண்ணைக் கூழாகக் கரைத்துப் பூசினோம். கடுகைத் தூவித் தினம் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் மலை பச்சையாகிவிடும். காசு கொடுத்து வாங்கியது சிவாஜி படையின் மாவளே வீரர்கள் பொம்மையும், உச்சியில் உட்கார வைக்க ஒரு சிவாஜி மகாராஜும்தான். மண், கட்டடத்துக்குப் பின்னால் கிடந்தது.

வாசலை முன்பக்கம் நேராக, பெரிசாக, தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி வைத்திருந்தோம். அட்டையில் கதவு கூட. ராத்திரி டியூட்டிக்கு வந்த வாட்ச்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அறுபது வயசு இருக்கும். அதுவரை அவரிடம் பார்சல், தண்ணீர் மோட்டார், இவ்வளவுதான் பேசியிருக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். "கதவை இப்படி எதிரிக்குக் காட்டினா எப்படி?" என்று பையனிடம் கேட்டார். பேண்டை மடக்கிக்கொண்டு, ஈர மண்ணை ரெண்டு கையிலும் அள்ளி, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கொத்தளம், அந்தப் பக்கம் ஒரு கொத்தளம், ரெண்டும் ஒன்றை ஒன்று பார்த்து வளைகிற மாதிரி பிடித்து வைத்தார். கதவு உள்ளே ஒளிந்துகொண்டது. கோமுகி என்றார், பசு முகம் மாதிரி. கீழே இருந்து வருகிறவனுக்கு வாசல் எங்கே என்றே தெரியாது. பக்கத்தில் வந்த பிறகும் வழி திரும்புகிறது, யானையை ஓடவிட்டு முட்ட இடமில்லை. ரெண்டு கொத்தளத்திலிருந்தும் மேலே நின்று அடிக்கலாம். ராய்கட் கோட்டையின் மகா தர்வாஜா, அதாவது பெரிய வாசல், இப்படித்தான் இருக்கிறது, எங்கள் ஊருக்கு மேலேதான் அந்தக் கோட்டை, சின்ன வயசில் விறகுக்கு ஏறுவோம் என்றார். சிவாஜிக்கு 1674இல் முடிசூட்டிய இடம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை என் பையன் ஒப்பித்தான். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு கட்டை விரலால் மலைச் சரிவில் ஒரு பாதை இழுத்தார். நேராக அல்ல, வளைந்து வளைந்து. நகத்தில் மண். டார்ச் வெளிச்சத்தில் அந்த விரல் மேலே ஏறிப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருஷம் கில்லா கட்டும்போது அவரைக் கூப்பிடப் போனேன். ஏஜென்சி மாற்றிவிட்டார்களாம், வேறு ஆள் நின்றான். ராய்கட் பக்கம் எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி முழுக்க எங்களோடு மண்ணில் உட்கார்ந்திருந்த மனுஷரிடம் ஊர் பெயரைக் கூடக் கேட்கவில்லை.

மாட்டுங்கா மாமி

டோம்பிவிலித் தம்பி, மயில்துத்தம் என்று சர்வசாதாரணமாக எழுதிவிட்டீர்கள். தயவுசெய்து குழந்தை இருக்கிற வீட்டில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் கொலுவுக்கு அட்டைப் பார்க் ஒட்டினோம். யாரோ சொன்னார்கள் என்று நானும் பசையில் போட்டேன். நாலு வயசுப் பேத்தி கிண்ணத்தில் விரலை விட்டு வாயில் வைத்துக்கொண்டுவிட்டாள். உதட்டு ஓரத்தில் நீலம். அந்த நீலத்தைப் பார்த்தபோது எனக்குக் கால் ஓடவில்லை. வாந்தி எடுத்தாள், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், மறுநாள் சாயங்காலம் சரியாகிவிட்டாள். ஆனால் அந்தக் கொலுவில் ஒரு நாள் கூட நான் மனசாரப் பாடவில்லை. அது விஷம், தம்பி. பூச்சிக்கு மட்டும் விஷம் என்று ஒன்று கிடையாது.

பசை எப்படிக் காய்ச்சுவது என்று சொல்கிறேன். ஒரு பங்கு மைதாவுக்கு நாலு பங்கு தண்ணீர். மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். மீதித் தண்ணீர் கொதிக்கும்போது அதை ஊற்றி, சின்னத் தீயில் கையை எடுக்காமல் கிளற வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும், அப்போது இறக்கிவிடணும். கால் ஸ்பூன் படிகாரப் பொடி போட்டால் ரெண்டு மூணு நாள் புளிக்காது. ஆறினதும் மேலே ஏடு படியும், அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் திட்டு விழும். செம்பூர்ப் பெண்ணே, உன் ஆரஞ்சுத் தாள் சுருங்கினது குழந்தை கையால் இல்லை, பசை தண்ணியாக இருந்திருக்கும். தாளில் தடவக் கூடாது, ஈர்க்கில்தான் தடவணும். தாளை அரை அங்குலம் அதிகம் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டிவிட்டு, ஃபேன் காற்றில் காயவிடு. ஐப்பசி மழை வரும் போலிருந்தால் கந்திலை உள்ளே எடுத்துவிடு, பட்டக் காகிதம் நனைந்தால் சாயம் சுவரெல்லாம் இறங்கும். எல்இடி போட்டது நல்லது. பழைய குண்டு பல்பு சூட்டில் தாள் கருகிவிடும்.

அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. குழந்தைக்குத் தெரியாமல் பிரித்தது தப்புதான். நேர்த்தி கற்றுக்கொடுக்கணும் என்றால் அவள் முழித்திருக்கும்போது, அவள் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கணும்.

தாராவி நெல்லைக்காரன்

எல்லாரும் பண்டிகைக்குச் செய்ததை எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் பசை காய்ச்சாத நாளே கிடையாது. பேப்பர் கவர். அம்மா, அக்கா, நான் மூணு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காருவோம், மளிகைக்கடைக்கும் பழக்கடைக்கும் கட்டுக் கட்டாகப் போகும். வேலைதான், விளையாட்டு இல்லை. ஆனால் இப்போது நினைத்தால் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்த நேரம் அது ஒன்றுதான்.

அக்கா இந்தி மீடியம். தமிழ் எழுத்தை அவள் கற்றுக்கொண்டதே கவர் ஒட்டிய பழைய தமிழ்ப் பேப்பரில்தான். மடிக்கிற முன்னால் வாய்விட்டுப் படிப்பாள், அம்மா திருத்துவாள். ஒரு நாள் ஏதோ தொடர்கதை, பாதியில் "தொடர்ச்சி வேறு பக்கத்தில்" என்று முடிந்தது. அந்தப் பக்கம் இருந்த தாள் ஏற்கெனவே ஒட்டிக் கட்டிய கட்டுக்குள் போய்விட்டது. அவள் கயிற்றை அவிழ்த்து ஒவ்வொரு கவராகப் பிரிக்க ஆரம்பித்தாள். அப்பா அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார். எங்கள் அப்பா அதிகம் பேசமாட்டார், கை நீளும். நானும் அம்மாவும் மூச்சுவிடவில்லை. என்ன என்று கேட்டார். அக்கா சொன்னாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "படம் ஏதும் போட்டிருந்தானா?" என்றார். ஒரு பொம்பளை கிணற்றடியில் நிற்கிற படம் என்றாள். ரெண்டு பேருமாக ஒரு கட்டு முழுக்கப் பிரித்துத் தேடினார்கள். அப்பாதான் கண்டுபிடித்தார். பசை காய்ந்த ஓரத்தைக் கிழியாமல் நகத்தால் நீவி எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, "சத்தமாப் படி" என்றார்.

அன்று ராத்திரி பிரித்த கவரை எல்லாம் நாலு பேரும் திரும்ப ஒட்டினோம். அப்பா ஒட்டியது எல்லாம் கோணல். அம்மா எதையும் மாற்றவில்லை, அப்படியே கடைக்குப் போனது. டோம்பிவிலி அண்ணனுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன்.

டோம்பிவிலி அப்பா

மாமி, மன்னிக்கணும். அப்பா போட்டதைப் பார்த்துச் சொன்னேன், அது கடைக்கு போஸ்டர் ஒட்டுகிற பசை, நாங்கள் யாரும் கிட்டப் போகமாட்டோம். இனி சொல்லமாட்டேன். தாராவித் தம்பி எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் அப்பா என் பட்டத்தைப் பிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல வரவில்லை.

கலீனா பொண்ணு

2005 ஜூலை 26. மும்பையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. நாங்கள் முதல் மாடி, கீழ்வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில். கரண்ட் இல்லை, போன் இல்லை, அப்பா அந்தேரி ஆபீஸில். எனக்கு 9 வயசு, தம்பிக்கு 5.

அம்மா சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியை இறக்கி, கிழிக்காமல் இருந்த தேதித் தாள்களை எடுத்து எங்களுக்குக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுத்தாள். சாதாக் கப்பல், கத்திக் கப்பல். கீழ்வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். மெழுகுவத்தி வெளிச்சம். படிக்கட்டில் எட்டாவது படி வரை தண்ணீர், நாங்கள் ஒன்பதாவது படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விட்டோம். நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் மிதந்து போனது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் தூங்கிய பிறகும் அம்மா மடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் முழித்துப் பார்த்தேன். விடாமல் மடிக்கிறாள். சுற்றிலும் கப்பல். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் தாள்களுக்கு வந்திருந்தாள்.

அப்பா மறுநாள் மதியம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். கதவைத் தட்டியபோது அம்மா கையில் பாதி மடித்த தாள் இருந்தது. அதைக் கீழே போடாமல் அப்படியே போய்க் கதவைத் திறந்தாள். அப்பா தோளில் அவள் கை வைத்தபோது அந்தத் தாள் நசுங்கியது. அவள் பயந்திருந்தாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நாங்கள் பயப்படக் கூடாது என்று விளையாட வைத்திருக்கிறாள். இப்போது எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான். மழை பலமாகப் பிடித்தால் என் கை தானாகத் தாளைத் தேடுகிறது. அம்மாவிடம் அந்த ராத்திரியைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை.

முலுண்டு வாசி

கலீனா தங்கச்சி, அம்மா இருக்கிறபோதே கேட்டுவிடுங்கள். நான் வாட்ச்மேனிடம் விட்ட மாதிரி விட்டுவிடாதீர்கள்.

செம்பூர் அம்மா

எல்லாவற்றையும் படித்தேன். மாமி, கோபம் எல்லாம் இல்லை, சரியாகத்தான் சொன்னீர்கள். நேற்று ராத்திரி அவளிடமே போய், அன்றைக்கு உன் தாளை நான்தான் கிழித்தேன், கேட்காமல் செய்தது தப்பு என்று சொன்னேன். "தெரியும்மா, குப்பைக்கூடையில பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

நான் விளக்குமாற்றை எடுத்து வந்து ஈர்க்கு நறுக்க ஆரம்பித்தேன். மாமி சொன்னபடி பசையைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் புத்தகம் படிக்கிற மாதிரி இருந்தாள். அப்புறம் வந்து ஈர்க்குகளை எண்ணிப் பார்த்தாள். "24 பத்தாது, ரெண்டு மூணு சேர்த்து நறுக்கு. கட்டும்போது உடையும்" என்றாள்.