இன்ஜின் வேலை செஞ்சு வந்த வண்டியில டக் டக் சத்தம், ஆயில் லைட் எரியுது – உதவி தேவை

கரிமேகம்:
இன்ஜின் இறக்கி ஃபுல்லா வேலை செஞ்சு வண்டி இப்பத்தான் கைக்கு வந்துச்சு. கீழேருந்து டக் டக்னு சத்தம், ஆயில் லைட் வேற விட்டு விட்டு எரியுது. வேலை செஞ்சவர் "ஓட ஓட செட் ஆகிடும்"ங்கறார். ஓட்டலாமா? அவசரம்.

வால்வுவாசல்:
பெட்ரோலா டீசலா? லைட் எரியறது ஸ்டார்ட் பண்ணதுமா, சூடானப்புறமா? என்ன ஆயில் ஊத்தியிருக்கு?

ஸ்பேனர்பாய்:
டேப்பட்தான், வால்வைத் தள்ளற பாகம். ஹைட்ராலிக் டேப்பட்ல காத்து இருந்தா அப்படித்தான் தட்டும்.

வால்வுவாசல்:
கீழேருந்துன்னு சொல்றாரே. டேப்பட் மேல இருக்கு.

மூத்தகை:
இதே கேள்விக்கு இங்க எத்தனையோ இழை இருக்கு. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு என்ன சொல்லி என்ன ஆகப்போகுது? ஆயில் லைட் எரிஞ்சா இன்ஜினை ஆஃப் பண்ணணும்ங்கறது அரிச்சுவடி.

கரிமேகம்:
பெட்ரோல், 4 சிலிண்டர். சூடாகி ஐடிலுக்கு வந்தா லைட் எரியும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தா அணையும். சத்தம் அப்பவும் இருக்கு. லெவல் சரி. என்ன ஆயில்னு தெரியல.

கிராங்க்காரன்:
ஓட்டாதீங்க. இது தானா செட் ஆகற விஷயம் இல்ல. ஆயில் லைட்டை எரிய வைக்கற பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டி நிஜமான பிரஷர் பாருங்க. ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ள இருக்கற பேப்பரை வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க. மினுமினுன்னு தூள் இருந்தா பேரிங், அதாவது கிராங்க் சுத்தற இடத்துல இருக்கற மெல்லிய உலோக ஓடு, கரையுதுன்னு அர்த்தம். அப்புறம் அடியில ஆயில் தங்கற தொட்டி இருக்கே, அந்த சம்பை இறக்குங்க.

தடிமன்:
எதுக்கு இவ்வளவு? 20 டபிள்யூ 50 மாதிரி கெட்டி ஆயில் ஊத்துங்க, லைட் அணைஞ்சிடும்.

கிராங்க்காரன்:
லைட் அணையும், பேரிங்ல இருக்கற இடைவெளி அப்படியேதான் இருக்கும். நோயை விட்டுட்டு தெர்மாமீட்டரை மாத்தறதுக்கு ஆயில் எதுக்கு?

தடிமன்:
பழைய வண்டிக்கெல்லாம் கெட்டி ஆயில்தான் ஊத்தி ஓட்டினோம். ஒண்ணும் ஆகல.

வால்வுவாசல்:
அந்த இன்ஜின் அந்த ஆயிலுக்குக் கட்டினது. இப்ப வர்ற பலதுல வால்வு டைமிங்கே ஆயில் பிரஷர்ல இயங்குது. குளிர்ல கெட்டி ஆயில் மேல ஏற லேட் ஆகும், கேம்ஷாஃப்ட் அவ்வளவு நேரம் காய்ஞ்சு ஓடும்.

தடிமன்:
மேனுவல்லயே சூடான இடத்துக்குக் கெட்டி ஆயில் போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க.

மூத்தகை:
ரெண்டு பேரும் ஆயில் கிரேடுன்னா என்னன்னு முதல்ல படிங்க.

கரிமேகம்:
சம்ப் இறக்கியாச்சு. பம்ப் ஆயிலை உறிஞ்சற வாயில இருக்கற ஸ்ட்ரைனர் வலையில சிலிக்கான் கேஸ்கட் கம் துண்டு துண்டா ஒட்டியிருக்கு. 3-ஆம் ராட் (பிஸ்டனை கிராங்கோட இணைக்கற தண்டு) பேரிங்ல மேல்பூச்சு தேஞ்சு செம்பு நிறம் தெரியுது. வலையைச் சுத்தம் பண்ணி, அந்த பேரிங்கை மட்டும் மாத்தினா போதுமா?

கிராங்க்காரன்:
போதாது. கம்மை அள்ளிப் பூசினா உள்பக்கம் பிதுங்கறது அறுந்து விழுந்து இப்படித்தான் ஸ்ட்ரைனரை அடைக்கும். கம் பூசறதுலயே இவ்வளவு அவசரம்னா அவர் கை வெச்ச எதையும் நம்பாதீங்க, முழுசா பிரிங்க.

கிராங்க் ஜர்னலை, அதாவது பேரிங் உக்கார்ற உருளைப் பகுதியை, மைக்ரோமீட்டர்ல நாலு திசையில அளந்து பாருங்க. வட்டம் போயிருந்தா 0.25 மி.மீ. கிரைண்ட் பண்ணி அந்தக் குறைஞ்ச அளவுக்குன்னே வர்ற அண்டர்சைஸ் பேரிங் போடணும். ஏற்கெனவே கிரைண்ட் பண்ண கிராங்க்ல ஸ்டாண்டர்ட் பேரிங் போட்டிருந்தாலும் உங்க பிரச்சனை இதேதான். ராட்ல இருக்கற எண்ணும், அதோட அடியில பூட்டற மூடியான கேப்ல இருக்கற எண்ணும் ஒண்ணா இருக்கா? ராடும் கேப்பும் ஜோடியா சேர்த்து ஓட்டை குடைஞ்சது, மாறினா ஓட்டை வட்டமா இருக்காது.

பூட்டறப்போ இடைவெளி அளக்கற பிளாஸ்டிகேஜ்ங்கற நசுங்கற நூலை ஜர்னல் மேல நீளவாக்குல வெச்சு, கேப்பை மேனுவல் சொல்ற முழு முறுக்கு விசையில (டார்க்) முடுக்கிட்டுக் கழட்டுங்க. நடுவுல கிராங்க் அசையவே கூடாது. நசுங்கின நூலோட அகலத்தை உறையில இருக்கற அளவுகோலோட ஒப்பிடுங்க. அகலம் குறைவா இருந்தா இடைவெளி அதிகம். கார்ல பெரும்பாலும் 0.02-லேருந்து 0.06 மி.மீ.க்குள்ள வரும், முடிவு மேனுவல் சொல்றதுதான். முடுக்கறப்போ நீளற வகை போல்ட்னா புதுசுதான் போடணும்.

ஆயில் வழி பிளக்கெல்லாம் கழட்டி பிரஷ் விட்டுக் கழுவுங்க. அங்க தங்கற தூள் புது பேரிங்கையும் தின்னுடும்.

ஸ்பேனர்பாய்:
பிஸ்டன் ரிங் முனை இடைவெளியையும் பாக்கச் சொல்லுங்க. 'டாப்'னு எழுதின பக்கம் மேல இருக்கணும்.

தடிமன்:
5 டபிள்யூ 30 மாதிரி மெல்லிசான ஆயில் ஊத்தியிருந்தாலும் இதே கதிதான்.

வால்வுவாசல்:
ஸ்ட்ரைனர் அடைச்சிருந்தா எந்த ஆயிலும் ஏறாது. அது வேற பேச்சு.

கரிமேகம்:
2-ஆம் கேப்பும் 3-ஆம் கேப்பும் மாறியிருந்துச்சு. கிராங்க், ராட் ரெண்டும் லேத்துக்குப் போயிருக்கு. நன்றி.

கிராங்க்காரன்:
ஆயில் கூலர் இருந்தா அதையும் மாத்திடுங்க, தூளைக் கழுவி எடுக்க முடியாது. பம்பைத் திறந்து பார்த்தீங்களா?