தாத்தா பெட்டியில் கிடைத்த விளக்கு பேட்ஜ் – எந்தக் கட்சி?

முத்தியால்பேட்டை பேத்தி:
ஃபெஞ்சல் புயல்ல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. நனைஞ்ச தாத்தா டிரங்குப் பெட்டியை மாடியில காய வெச்சப்போ, வெத்தலைச் செல்லத்துக்குள்ள ஒரு தகர பேட்ஜ் இருந்துச்சு. எட்டணா அகலம், நடுவுல சுடரோட ஒரு அகல் விளக்கு, கீழ பாதி அழிஞ்ச இந்தி எழுத்து. பின்னாடி ஊக்கு துருப்பிடிச்சு கையோட வந்துடுச்சு. தாத்தா ரயில்வேல இருந்தவர், ஜபல்பூர் பக்கம் ரொம்ப வருஷம். அம்மா "ஏதோ கோயில் பேட்ஜ்"ங்கிறாங்க. பெரியப்பா "தாமரைக் கட்சியோட பழைய சின்னம்"ங்கிறார். ஆனா தாத்தா கடைசி வரை கைக்குத்தான் குத்தினார்னு வீட்டுல பேச்சு. எது சரி?

கெடிலக்கரை:
பெரியப்பா பக்கம்தாம்மா நான். அகல் விளக்கு ஜனசங்கத்தோட சின்னம். 1951 அக்டோபர்ல டெல்லியில சியாமா பிரசாத் முகர்ஜி ஆரம்பிச்ச கட்சி. நேரு மந்திரிசபையில தொழில்துறை பார்த்துட்டு ராஜினாமா பண்ணிட்டு வந்தவர் அவர். முதல் பொதுத்தேர்தல்ல மூணே மூணு எம்.பி. அந்தத் தேர்தல்ல எங்க கடலூர்க்காரங்க ஓட்டுப் போட்டாங்க. உங்க பாண்டிச்சேரியில அப்போ பிரெஞ்சுக் கொடி! 1954 நவம்பர்லதான் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. நம்ம பக்கம் இந்த விளக்கைப் பார்த்தவங்களே கம்மி. ஜபல்பூர்ல கிடைச்சிருந்தா ஆச்சரியமில்ல, மத்தியப் பிரதேசம் அவங்களுக்கு பலமான இடம். 1967-ல நாடு முழுக்க 35 எம்.பி. வந்தாங்க.

எமர்ஜென்சி முடிஞ்ச 1977-ல ஜனதாவுல கரைஞ்சாங்க, விளக்கும் போச்சு. எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. திருப்பாப்புலியூர் ஸ்டேஷன் சுவத்துல பசை வாளியோட நின்னவன், ஆனா வேற கட்சிக்கு. ஜனதாவுக்குள்ள இருந்துக்கிட்டே ஆர்.எஸ்.எஸ்.லயும் இருக்கலாமான்னு சண்டை வந்துச்சு. அதுல பிரிஞ்சு வந்து 1980 ஏப்ரல் 6-ல பா.ஜ.க. ஆரம்பிச்சாங்க, வாஜ்பாய் தலைவர், சின்னம் தாமரை. 1984-ல இந்திரா கொலைக்கு அப்புறம் அடிச்ச அலையில ரெண்டே சீட்டு. அதுல ஒண்ணு ஆந்திராவுல ஹனம்கொண்டா. அங்க தோத்தவர் யாருன்னா, ஏழு வருஷம் கழிச்சு பிரதமரான நரசிம்ம ராவ்!

லாஸ்பேட்டை:
அந்த ரெண்டைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கேலி பண்ணுவாங்க சார். 1989-ல 85 ஆச்சு, அதையும் சொல்லுங்க. இங்கயும் 2001-லயே ரெட்டியார்பாளையத்துல கிருஷ்ணமூர்த்தி ஜெயிச்சார். 2021-ல ஒன்பது இடத்துல நின்னு ஆறு. என்.ஆர். காங்கிரசோட ஆட்சியில நாங்களும் இருந்தோம், சபாநாயகர் நாற்காலியும் எங்களுக்குத்தான்.

கெடிலக்கரை:
தம்பி, ஆறுதான், இல்லைன்னு சொல்லல. மண்ணாடிப்பட்டு நமச்சிவாயம் அந்த வருஷம் ஜனவரி வரைக்கும் நாராயணசாமியோட காங்கிரஸ் மந்திரிசபையில இருந்தவர். காமராஜ் நகர் ஜான்குமாரும் காங்கிரஸ் எம்.எல்.ஏ.தான். முகர்ஜி காலத்து ஆளுங்க ஆர்.எஸ்.எஸ். ஷாகாவுலேருந்து (கிளைக் கூட்டத்துலேருந்து) வந்தாங்க, இங்க வந்தவங்க வேற வாசல் வழியா வந்தாங்க. அதுக்கு முன்னாடி 2017-ல ஓட்டே வாங்காம மூணு நியமன எம்.எல்.ஏ. உள்ள போனதையும் மறந்துடாதீங்க.

லாஸ்பேட்டை:
நியமனம் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே 2018-ல சொல்லிடுச்சு சார். கட்சி மாறுறது பாண்டிச்சேரிக்குப் புதுசா? எந்தக் கட்சியில எவர் பொறந்தார்னு பார்த்தா இங்க சட்டசபையைப் பூட்டிட வேண்டியதுதான்.

கெடிலக்கரை:
அது நெசம். பேத்தி, பேட்ஜுக்கு எலுமிச்சம்பழம் கிலுமிச்சம்பழம் தேய்ச்சுடாதம்மா, பெயிண்ட் உரிஞ்சிடும். பஞ்சுல தேங்காயெண்ணெய் தொட்டு லேசா ஒத்தி எடு.

முத்தியால்பேட்டை பேத்தி:
ஒத்தினதுல "தீபக்"னு தெரியுது, இந்தியில விளக்குதான். ஆயாகிட்ட காட்டினேன். பார்த்ததும் சிரிச்சுட்டாங்க. ஸ்டேஷன் வாசல் டீக்கடை சேட்டு அந்தக் கட்சியாம். பேட்ஜ் குத்தியிருந்தா தாத்தாவுக்கு கடன் கேக்காம டீ வருமாம். லீவுக்கு வரும்போது விழுப்புரத்துல வண்டி நின்னதும் கழட்டிச் செல்லத்துல போட்டுடுவாராம்.