சிங்கப்பூர் சைனாடவுன் மாடியில மூணு வெள்ளிக்கு (டாலருக்கு) ஒரு தட்டுச் சோறு: சாப்பிட்டவங்க சொல்லுங்க

வில்லாபுரத்தான்:

எங்க அக்கா மகன் அடுத்த மாசம் சிங்கப்பூர் போறான். ஐ.டி.ஐ. முடிச்ச பய, ஏசி மெக்கானிக் வேலை. வீட்டுல பருப்புப் பொடி, மாவடு, புளிக்காய்ச்சல்னு கட்டிக்கிட்டு இருக்காங்க. எல்லாம் ரெண்டு வாரம் வரும். நான் அவன்கிட்டச் சொன்னது ஒண்ணுதான்: சீனக் கடையில சாப்பிடப் பழகிக்கோ மாப்ள. வாய்ல சொன்னா அவனுக்குப் பத்தாதுன்னு இங்க எழுதுறேன். போயிட்டு வந்தவங்க நீங்களும் எழுதுங்க, மொத்தமா அவனைப் படிக்கச் சொல்லுவேன்.

2012லேருந்து 2019 வரைக்கும் அங்க நான் எலக்ட்ரிஷியன். டார்மெட்டரியில தங்கல், கேட்டரிங் சாப்பாடு. விடியறதுக்கு முன்னாடியே பொட்டலம் வந்துரும், காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. ராத்திரி ஆக்குன சோறு. அதைத் தூக்கிக்கிட்டு லாரி ஏறி, சைட்டுல ஒரு மூலையில வச்சிட்டு, பன்னெண்டு மணிக்குப் பிரிச்சா குழம்பு நுரைச்சுப் போயிருக்கும். பாதி நாள் வெறுஞ்சோத்தை ஊறுகாயோட தின்னுட்டு எந்திரிச்சிருவேன். அம்மா போன்ல "சாப்ட்டியாப்பா"ன்னு கேட்கும். சாப்ட்டேம்மான்னு சொல்லிருவேன்.

2013ல அவுட்ராம் பக்கம் ஒரு கட்டட வேலை. எங்க சூப்பர்வைசர் வயசான சீனர், அங்கிள்னுதான் கூப்பிடுவோம். ஒருநாள் நான் பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பார்த்துட்டு மூடுறதைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல. கையைக் காட்டி வான்னு கூட்டிட்டுப் போனாரு. நடக்குற தூரம்தான், ஸ்மித் தெருவுல சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். கீழ கடைகண்ணி. மாடி ஏறினா இருநூறுக்கும் மேல சாப்பாட்டுக் கடை. சிங்கப்பூர்லயே பெரிய உணவங்காடி அதுதான். ஏசி கிடையாது, மேல காத்தாடி ஓடும். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டு விடியக்காலம் எப்படி இரையும், அந்த இரைச்சல். ஒவ்வொரு கடையும் நம்ம பெட்டிக்கடையை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அதுக்குள்ள புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர், ஒரு இரும்புச் சட்டி, ஆள் உயரத்துக்கு எழும்புற தீ.

அவரு கூட்டிட்டுப் போனது சாய்பெங் கடைக்கு. எகனாமிக் ரைஸ்னும் சொல்லுவாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி இருபது முப்பது தட்டுல பதார்த்தம். முட்டைக்கோஸு, கீரை, தோஃபு, முட்டைப் பொரியல், கோழி, மீனு. முதல்ல சோறு போடுவாங்க, அப்புறம் நீங்க விரலைக் காட்டணும். பேர் தெரிய வேண்டியதே இல்ல. நான் முட்டைக்கோஸையும் முட்டையையும் காட்டினேன். கடைக்கார ஆண்ட்டி கரண்டியைத் தூக்கிக்கிட்டு "கறி?"ன்னு கேட்டாங்க. எனக்கு என்னமோ செஞ்சிருச்சு. நம்ம ஊர்ல கறின்னா ஆட்டுக்கறிதான, கறி வேணுமான்னு கேட்குறாங்கன்னு நெனைச்சுத் தலையாட்டினேன். ஒரு கரண்டி மஞ்சக் குழம்பைச் சோத்து மேல ஊத்தினாங்க. தேங்காப்பால் வாசம், லேசான காரம். புரோட்டாவுக்குச் சால்னா ஊத்துற மாதிரி, அதுக்குத் தனிக் காசு கிடையாது. ரெண்டரை வெள்ளி. சுடச்சுடச் சோறு, நெறைய. அங்கிள்தான் காசு குடுத்தாரு. நான் தலை நிமிராமச் சாப்பிட்டேன்.

அதுக்கப்புறம் அந்த வேலை முடியிற வரைக்கும் வாரத்துல மூணு நாள் அங்கதான். படிச்சுக்கிட்டதைச் சொல்றேன். காய், தோஃபு, முட்டை எப்பவும் மலிவு. கோழி பரவாயில்ல. மீன், எறா ரெண்டையும் கையால காட்டுறதுக்கு முன்னாடி விலையைக் கேட்டுரணும். தட்டுல இருக்குறதை ஒரு பார்வை பார்த்துத்தான் விலை சொல்லுவாங்க, சீட்டெல்லாம் கிடையாது. தண்ணி பாட்டில் கையோட கொண்டு போயிரணும், கோப்பி, டீயெல்லாம் வேற கடை, வேற காசு. மேசையில டிஷ்யூ பாக்கெட் இருந்தா அது யாரோ இடம் போட்டு வச்சது, துண்டு போட்டு வைக்கிற மாதிரி. எடுத்துறக் கூடாது. பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் ஆபீஸ் கூட்டம் தாங்காது. ஒன்றரைக்கு மேல போனா உக்காந்து திங்கலாம்.

மேலூர்ப் பக்கம்:

அண்ணே, அந்த மாடியிலதான் 2016ல ஒரு கடைக்கு மிஷலின் நட்சத்திரம் குடுத்தாங்க, நல்ல சாப்பாட்டுக் கடைக்கு உலக அளவுல குடுக்கிற பெரிய மரியாதை அது. சான் ஹோன் மெங்னு ஒருத்தர், மலேசியா ஈப்போவுலேருந்து வந்தவர், சோயா சாறுல வேகவச்ச கோழியும் சோறும் விப்பாரு. ரெண்டு வெள்ளி. அந்த நட்சத்திரம் வாங்கின சாப்பாட்டுல உலகத்துலயே மலிவானது அதுதான்னு அப்பப் பேச்சு. எங்க ரூம்ல நாலு பேர் ஒரு ஞாயித்துக்கிழமை போயி வரிசையில நின்னோம், எனக்குத் தட்டு கிடைக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கோழித்தோலு கருப்பட்டி நிறத்துல பளபளன்னு இருந்துச்சு, கறி பூ மாதிரி. 2021ல நட்சத்திரம் போயிருச்சு. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ரெண்டு வெள்ளிச் சோத்துக்கு கோட்டு போட்டவரும் நானும் ஒரே வரிசையில நின்னது எனக்கு ஞாபகம் இருக்கு.

மஹால் பக்கத்து அக்கா:

தம்பி, சைவக்காரங்களுக்கும் அங்கே வழி உண்டு, அதையும் உங்க மருமகனுக்குச் சொல்லுங்க. 2018இல் மகள் பிரசவத்துக்குப் போய் மூணு மாசம் இருந்தேன். குழந்தைக்கு நாப்பது கழிஞ்சதும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். 1827இல் எழுப்பின கோவில், அந்த ஊரிலேயே பழைய இந்துக் கோவில். அது இருக்கிறதே சைனாடவுன் நடுவில்தான். பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெருன்னு பேர். நம்ம கோபுரத்தைப் பார்த்து வெச்ச பேராம். அம்மன் கோபுரத்தை வெச்சு சீனர் தெருவுக்கு அடையாளம் சொல்றாங்கன்னு கேட்டதும் எனக்குப் புதுமண்டபத்துப் பக்கம் நிக்கிற மாதிரியே இருந்தது.

தரிசனம் முடிய மணி பன்னெண்டரை. பால் குடுக்கிற பொண்ணு, பசி தாங்கலை அவளுக்கு. மகள்தான் அந்த மாடிக்கு அழைச்சுக்கிட்டுப் போனாள். நான் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் ஏறினேன், பொய் சொல்லலை. ஆனா அங்கே சீனர்களுக்கே சைவக் கடை இருக்கு. பௌத்தர்கள். வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டாங்க. பீ ஹூன்னு அரிசிச் சேவை, நம்ம இடியாப்பத்தை உதிர்த்துத் தாளிச்ச மாதிரி, கோஸ், பயத்தங்காய், பொரிச்ச தோஃபு போட்டு. ரெண்டரை வெள்ளிக்கு இரண்டு பேர் சாப்பிடலாம் போல ஒரு தட்டு.

அன்னிக்கு அந்தக் கடையில் மட்டும் வரிசை வளைஞ்சு நின்னது. என்ன விசேஷம்னு மகளைக் கேட்டேன். சீன மாசத்தில் முதல் நாளும் பதினைஞ்சாம் நாளும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவாங்களாம். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தா அன்னிக்கு அமாவாசை. அவங்களுக்கும் அதே அமாவாசை, அதே பௌர்ணமி. என் மாமியார் இருந்திருந்தா அந்த வரிசையில் நின்னவங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. தம்பி சொன்ன கடைகளில் காய் காயாகத்தான் தெரியும், ஆனா கருவாட்டு எறாப் பொடியோ சிப்பிச் சாறோ விழுந்திருக்கும். சுத்த சைவம்னா சைவக் கடைக்கு மட்டும் போங்க. அங்கேயும் முட்டை உண்டான்னு கேட்டுக்கணும். கோதுமைப் பசையிலும் சோயாவிலும் கறி மாதிரியே செஞ்சு வெச்சிருப்பாங்க, பயப்பட வேண்டாம். கேரட் கேக்னு ஒண்ணு விப்பாங்க. அதில் கேரட்டே கிடையாது, வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும். முட்டை ஊத்திக் கிளறுவாங்க, அதனால் நான் தொடலை.

காஜிமார் தெரு:

வில்லாபுரம் அண்ணே, நம்ம பசங்க எல்லா மதத்துலயும் போறாங்க, அதனால இதையும் சேர்த்துக்கங்க. சைனாடவுன் மாடியில பெரும்பாலான கடையில பன்றிக் கொழுப்பு இருக்கும். சார் குவே தியாவ்னு பட்டை நூடுல்ஸ் வாசத்துக்கே இழுக்கும், பழைய முறையில அதைப் பன்றிக் கொழுப்புலதான் வறுப்பாங்க. கண்ணால பார்த்துத் தெரிஞ்சிக்க முடியாது. முய்ஸ்னு சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றம் குடுக்கிற ஹலால் சான்று கடை முகப்புல இருக்கான்னு மட்டும் பாருங்க. எல்லாருக்கும் பொதுவான உணவங்காடியில தட்டு திருப்பி வைக்கிற இடமே ரெண்டா இருக்கும், ஹலால் தனி, மத்தது தனி. முதல் நாள் எனக்கு இது தெரியாம வெறும் தட்டை வேற பக்கம் வைக்கப் போனேன். துப்புரவு பண்ற சீனப் பாட்டி ஒருத்தங்க ஓடி வந்து வாங்கிச் சரியான பக்கம் வச்சாங்க. என் மார்க்கத்தைப் பத்தி அந்தப் பாட்டிக்கு இருந்த அக்கறையை நான் மறக்கவே மாட்டேன்.

திருமங்கலம் வாத்தியார்:

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் நாக்கில் எதுவும் ஒட்டவில்லை. நான்காம் நாள் மகன் ஓர் உணவங்காடிக்கு அழைத்துப் போய், "அப்பா, இது பிடிக்கும்" என்று கிண்ணத்தை வைத்தான். கஞ்சி. சீனர் கஞ்சியில் இரண்டு வகை பார்த்தேன். கான்டனியர் வைப்பது சோறு கரைந்து மாவாகிப் போன வகை, ஜூக் என்பார்கள். தியோச்சியூக்காரர் வைப்பதில் பருக்கை தனித்தனியாக நிற்கும், மேலே நீராகாரம் தெளிந்திருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு, உப்பில் ஊறிய கீரை, உப்பு முட்டை, வேர்க்கடலை. சின்னச் சின்னத் தட்டுகளில் வரும், வேண்டியதை மட்டும் எடுத்தால் செலவும் சிறுத்துவிடும். நான் கருவாடும் கடலையும் எடுத்தேன். என் அம்மா மண்சட்டியில் ஊற்றிக் கொடுத்ததற்கும் அதற்கும் சின்ன வெங்காயம் ஒன்றுதான் குறை.

ஆங்கிலத்தில் இதை congee என்று எழுதுவார்கள், அந்தச் சொல் நம் கஞ்சிதான். போர்த்துகீசியர் நம் நாட்டுப் பக்கம் கேட்டுக்கொண்டு போனது, ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சீனக் கடைப் பலகைகளில் அந்தச் சொல் இன்றும் தொங்குகிறது. பலகையைக் காட்டி மருமகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, கைப்பேசியில் தேடிப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரத்துக்கு மலாயில் கிரேத்தா ஆயர் என்று பெயர், தண்ணீர் வண்டி என்று பொருள். ஒரு காலத்தில் மாட்டுவண்டியில்தான் அங்கே குடிநீர் போயிற்று. தெருவோரம் சமைத்து விற்றவர்களை 1970களிலும் 80களிலும் அரசு குழாயும் சாக்கடையும் உள்ள கட்டடங்களுக்குள் கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. மதுரையில் தள்ளுவண்டிக்காரர்களை விரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வருகிறது. குழாயும் கூரையும் கொடுத்தால் நம் இட்லிக்கார அம்மாக்களும் அப்படித்தான் நடத்துவார்கள்.

செல்லூர்:

மீன் விலையைக் கேட்கச் சொன்னீங்களே அண்ணே, அதைத் தடிச்ச எழுத்துல போடுங்க. வேற ஒரு பேட்டையில, எந்தக் கடைன்னு வேண்டாம், ஒரு முழு மீனைக் காட்டிட்டேன். பன்னெண்டு வெள்ளின்னாங்க. அன்னிக்கு என் கையில இருந்தது பதினாலு. திருப்பிக் குடுக்க வாய் வரல. அந்த வாரம் முழுக்க ரொட்டிதான்.

வில்லாபுரத்தான்:

அக்கா, அமாவாசை விசயம் ஏழு வருசம் இருந்த எனக்கே தெரியாது. காஜிமார் தெரு பாய், தட்டு விசயம் ரொம்ப முக்கியம், நன்றி. எங்க காலத்துல தட்டை அப்படியே வச்சிட்டுப் போனாலும் கேட்க மாட்டாங்க. 2021 செப்டம்பர்லேருந்து திருப்பி வைக்கலேன்னா முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம்னு பையனுக்குச் சொல்லிட்டேன்.

இப்ப அங்க இருக்குறவங்க யாராச்சும் விலை நிலவரம் சொல்ல முடியுமா? அந்த ஆண்ட்டி கடை இருக்கான்னும் பாருங்க. படி ஏறி இடது கைப் பக்கம், தூணை ஒட்டி, மூணாவதோ நாலாவதோ. ஊருக்குக் கிளம்பும்போது சொல்லிட்டு வர நேரமில்லாமப் போச்சு. அது மனசுல கெடக்கு.

தேக்காவிலிருந்து:

அண்ணே, நான் ஊமச்சிகுளம், இங்க வந்து நாலு வருசம். உங்க பதிவைப் பார்த்துட்டு நேத்து ஞாயிறு போயிட்டு வந்தேன். 2022ல மேக்ஸ்வெல் ரயில் நிலையம் திறந்துட்டாங்க, இறங்கினா நடக்க ரெண்டு நிமிசம்.

விலை ஏறிருச்சு. சோறு, ரெண்டு காய், ஒரு கோழி, எனக்கு நாலரை வெள்ளி ஆச்சு. காயும் முட்டையும் மட்டும்னா மூணரை. மாடியை விடக் குடியிருப்புப் பக்கம் இருக்குற கோப்பிக் கடைங்கள்ல பட்ஜெட் மீல்னு பலகை போட்டு மூணரை வெள்ளிக்குள்ள தர்றாங்க, டார்மெட்டரி கிட்ட அப்படி ஒண்ணு இருந்தா பையன் அதைப் பிடிச்சுக்கட்டும். கேட்டரிங்கை முதல் நாளே நிப்பாட்ட வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் வச்சுக்கிட்டு மதியத்தை வெளியில பார்த்துக்கலாம், எங்க ரூம்ல பாதிப் பேர் அப்படித்தான்.

நீங்க சொன்ன தூணைக் கண்டுபிடிச்சேன். மூணாவது கடையில ஷட்டர் இறக்கியிருந்துச்சு, நாலாவது ஜூஸ் கடை. பக்கத்துல விசாரிச்சேன், எனக்கு அவங்க பேச்சு புரியல, அவங்களுக்கு என் பேச்சு புரியல. எதிர் வரிசையில ஒரு சாய்பெங் கடை இருந்துச்சு, அங்க சாப்பிட்டேன். சோறு வச்சு, கோஸு வச்சு, கரண்டியைத் தூக்கிக்கிட்டு "கறி?"ன்னு கேட்டாங்க. அதுக்கு இன்னமும் காசு வாங்குறதில்ல.

பையன் நம்பரைத் தனியா அனுப்புங்க. வந்த முதல் ஞாயிறு நான் கூட்டிட்டுப் போறேன், ஒன்றரைக்கு மேல.