மஸ்டாங்குக்கு 102 நாள், தேஜஸுக்கு 33 வருஷம்: காலம் எங்கே போகிறது?

காகித ராக்கெட்:

வணக்கம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ராத்திரி தூக்கம் வராவிட்டால் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து போர் விமானங்களின் தேதிகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். திட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முதலில் பறந்தது, எப்போது படையில் சேர்ந்தது என்று மூன்று கட்டம். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய பி-51 மஸ்டாங்கை எடுங்கள். 1940ல் பிரிட்டன் ஆர்டர் கொடுத்து 102வது நாள் முதல் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிட்டது. தேஜஸ்? 1983ல் அனுமதி, 2001 ஜனவரியில் முதல் பறப்பு, 2016ல்தான் முதல் ஸ்குவாட்ரன். 33 வருஷம். சரி, இந்தியாவில்தான் இப்படியோ என்று பார்த்தால் எஃப்-35க்கு 2001ல் ஒப்பந்தம், 2006ல் பறந்தது, 2015ல்தான் முதல் பிரிவு போருக்குத் தயார் என்று அறிவித்தார்கள். பணத்துக்குப் பஞ்சமே இல்லாத அமெரிக்காவுக்கே 14 வருஷம்.

என் சித்தப்பா மகன் "செய்கிறேன் செய்கிறேன் என்று ஒரு தலைமுறையைத் தின்பதற்கு, செய்து வைத்திருப்பவனிடம் வாங்கிவிட்டுப் போகலாமே" என்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை, கோபம் மட்டும் வந்தது. கம்ப்யூட்டர், சிமுலேஷன் எல்லாம் வந்த பிறகு வேலை சுலபமாகத்தானே ஆகியிருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நள்ளிரவு பில்ட்:

கம்ப்யூட்டர் வந்ததால்தான் இவ்வளவு காலம் ஆகிறது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. நான் விமான ஆள் இல்லை, சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால் லாகின் உடைகிற உலகத்தில் சம்பளம் வாங்குகிறவன்.

எஃப்-35ல் ஓடும் சாஃப்ட்வேர் கோட் 80 லட்சம் வரிகளுக்கு மேல். 2023 ஜூலையிலிருந்து ஒரு வருஷம் அமெரிக்கா புது எஃப்-35களை வாங்கிக்கொள்ளாமல் நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கிறதா? விமானம் தயார், பெயிண்ட் அடித்தாயிற்று, தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிற்கிறது. டிஆர்-3 என்ற புதிய கம்ப்யூட்டர் தொகுப்புக்கான சாஃப்ட்வேர் மட்டும் தேறவில்லை.

இன்னொன்று. இன்றைய போர் விமானங்களை வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைக்கிறார்கள், சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக. கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் நேராகப் பறக்கவே பறக்காது. ஸ்வீடனின் கிரிப்பென் முதல் மாதிரி 1989 பிப்ரவரியில் இறங்கும்போது உருண்டு நொறுங்கியதற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேர்தான். மஸ்டாங்கில் இருந்தது கம்பியும் கப்பியும். அதற்கு வெர்ஷன் நம்பர் கிடையாது.

லாக்கிங் வயர்:

தம்பி காகித ராக்கெட், உங்கள் ஷீட்டில் முதல் வரியே பாதிதான் சரி. மஸ்டாங் 102 நாளில் வெளியே வந்தது வாஸ்தவம். ஆனால் இன்ஜின் இல்லாமல் வந்தது! அது வந்து, மாட்டி, பறந்தபோது அக்டோபர் 26. அதற்குப் பிறகும் அதில் இருந்த ஆலிசன் இன்ஜின் உயரத்துக்குப் போனால் மூச்சு வாங்கும். பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜினை மாட்டிப் பார்த்த பிறகுதான் நீங்கள் படித்த மஸ்டாங் பிறந்தது. கூடு செய்வது ஒரு வேலை, இன்ஜின் செய்வது வேறு வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் வருஷம் எண்ணினால் கணக்கு தப்பும்.

நான் ஒரு விமானப்படையில் 22 வருஷம் இன்ஜின் பக்கம் வேலை பார்த்தவன். எந்தப் படை, எந்த விமானம் என்று கேட்காதீர்கள். போர்ஸ்கோப் என்று ஒன்று உண்டு, மருத்துவர் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற குழாய் மாதிரி. அதை இன்ஜினுக்குள் விட்டு, சூடான வாயு சுழற்றுகிற டர்பைன் சக்கரத்தின் பிளேடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. விளிம்பில் நகம் பட்ட மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதுதான். அந்தப் பள்ளத்தை உண்டாக்க ஓடுபாதையில் கிடக்கிற ஒரு ஜல்லிக்கல் போதும். அதனால்தான் தினமும் விடிந்ததும் எல்லோரும் வரிசை கட்டிக் குனிந்து நடப்போம், கல்லும் ஸ்குரூவும் பொறுக்க. புதிதாக வந்த பையன்கள் சிரிப்பார்கள். முதல் இன்ஜின் இறங்கிய அன்றோடு சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பிளேடு இருக்கிற இடத்தில் வாயுவின் சூடு, பிளேடு செய்த உலோகம் உருகுகிற சூட்டை விட அதிகம். பிறகு ஏன் உருகவில்லை? பிளேடுக்கு உள்ளே குடைந்த வழிகளில், இன்ஜின் முன்பக்கத்தில் காற்றை அழுத்துகிற கம்ப்ரஸரிலிருந்து எடுத்த காற்று ஓடுகிறது. மேற்பரப்பில் ஊசி முனை அளவு துளைகள். அவற்றின் வழியே அந்தக் காற்று கசிந்து பிளேடின் மேல் ஒரு போர்வை மாதிரி படர்கிறது. அதற்கும் மேல் பீங்கான் பூச்சு. பிளேடு முழுக்க ஒரே படிகம். சாதாரண உலோகம் உப்புக் குவியல் மாதிரி பல படிகம் சேர்ந்தது, அவை சேரும் எல்லைகளில்தான் சூட்டிலும் சுழற்சியிலும் விரிசல் தொடங்கும். அதனால் வார்க்கும்போது அச்சின் அடியில் பன்றிவால் மாதிரி சுருண்ட ஒரு வழி வைக்கிறார்கள். பல படிகங்கள் முண்டியடித்து ஏறும், ஒன்றுதான் மேலே போய்ச் சேரும். அது ஒன்றே பிளேடு முழுவதுமாக வளர வேண்டும். இதன் தத்துவம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. கலவையின் துல்லியமும், எவ்வளவு மெதுவாக உலையிலிருந்து இறக்க வேண்டும் என்பதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும்போதெல்லாம் நான் தேடுவது இந்த ஒன்றைத்தான். ஒளிந்துகொள்வதும் இதுதான்.

இந்தியாவின் மாருத் போர் விமானம் 1961ல் பறந்தது. ஜெர்மன்காரர் கர்ட் டாங்க் வடிவமைத்தது, பார்க்க அவ்வளவு அழகு. ஒலியை மிஞ்சுவதற்காக வரைந்த உடம்பு. அதற்கு நினைத்த வலுவான இன்ஜின் வரவே இல்லை. சின்ன ஆர்ஃபியஸ் இரண்டை மாட்டிக்கொண்டு 147 விமானங்களோடு அதன் கதை முடிந்தது. தேஜஸுக்கென்று ஆரம்பித்த காவேரி இன்ஜினை 2008ல் அந்தத் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். இப்போது ஓடுவது அமெரிக்க எஃப்404. தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏவுக்காக 2021ல் 99 இன்ஜின் ஆர்டர் போனது, முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச். வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த உற்பத்தி வரிசையைத் திரும்ப ஓட வைக்க அவ்வளவு காலம். உங்கள் ஷீட்டில் இது தேஜஸின் தாமதமாக விழும்.

உங்கள் சித்தப்பா மகனிடம் வாங்கிய பிறகு என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். எங்களிடம் எரிபொருள் பம்ப்புக்கு ஒரு ரப்பர் சீல் உண்டு, கட்டைவிரல் நகம் அளவு. ரப்பர் என்பதால் மருந்து மாத்திரை மாதிரி பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கும். ஒரு தடவை விற்ற நாட்டிலிருந்து பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம்தான் ஆயுள். மேலே எழுதினோம், பதில் வரவில்லை. அப்புறம் என்ன, ஹேங்கர் மூலையில் நின்ற ஒரு விமானத்திலிருந்து கழற்ற ஆரம்பித்தோம். முதலில் சீல், அடுத்து பம்ப், அடுத்து ஜெனரேட்டர். கழற்றிய இடத்தில் எல்லாம் சிவப்பு அட்டை கட்டுவோம், இது இல்லை, இது இல்லை என்று. பதினோரு மாதத்தில் மூக்கிலிருந்து வால் வரை சிவப்பு அட்டை தொங்கி, திருவிழாத் தேர் மாதிரி நின்றது அது. கணக்கேட்டில் அதுவும் ஒரு போர் விமானம்தான்.

சில்லறைக் கணக்கு:

ஐயா எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் முடிவில் ஒத்துப்போக முடியவில்லை. உதிரிபாகத் தட்டுப்பாடு சொந்தமாகச் செய்தவனுக்கு இல்லையா? 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35களில் பணிக்குத் தயாராக இருந்தவை சுமார் 55 சதவீதம்தான். பழுது பார்க்கக் காத்துக் கிடந்த பாகங்கள் 10,000க்கும் மேல். அவர்களுடைய சொந்தத் தணிக்கை அலுவலகம் சொன்ன கணக்கு இது. மூன்று படைக்கும் ஒரே விமானம், முக்கால்வாசி பாகம் பொது என்று சொல்லி ஆரம்பித்து, மூன்று மாதிரிக்கும் பொதுவானது கால்வாசி அளவில் வந்து நின்றது.

இஸ்ரேல் சொந்தமாகச் செய்த லாவி போர் விமானம் பறந்த பிறகும் 1987ல் அமைச்சரவை 12க்கு 11 என்று ஒரே ஓட்டில் அதை நிறுத்தியது. எஃப்-16 வாங்கினார்கள், தங்கள் மின்னணுக் கருவிகளை அதில் மாட்டினார்கள், தங்கள் மூளையை ரேடாரிலும் ஏவுகணையிலும் ஆளில்லா விமானத்திலும் போட்டார்கள். இன்றைக்கு யாராவது அதைத் தோல்வி என்பார்களா? ஜப்பான் எதிர்வழியில் போனது. எஃப்-16ஐ வைத்துக்கொண்டு எஃப்-2 செய்தது. படைக்குப் போனது 94 மட்டும். வடிவமைப்புச் செலவு முழுவதும் அந்த 94ன் தலையில் விழுந்தது. 94 செய்வதற்கா ஒரு தொழிற்சாலை?

லாக்கிங் வயர்:

லாவி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், மறுக்கவில்லை. எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது என் கட்சி இல்லை. எதை வாங்கினாலும் விற்பவன் முகம் சுளித்த மறுநாள் எத்தனை விமானம் பறக்கும் என்பதைக் கேட்டுவிட்டு வாங்கு என்பதுதான். துருக்கி எஃப்-35 திட்டத்தில் பங்காளி, பாகங்களே செய்து கொடுத்துக்கொண்டிருந்த நாடு. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கியதற்காக 2019ல் வெளியே தள்ளினார்கள்.

எஃப்-2 பற்றி மட்டும் ஒரு வார்த்தை. போர் விமானத்தின் மூக்கில் ஏஇஎஸ்ஏ ரேடாரை, அதாவது ஆன்டெனாவை அசைக்காமல் மின்னணு முறையிலேயே கற்றையைத் திருப்புகிற ரேடாரை, முதன்முதலில் சேவைக்குக் கொண்டுவந்தது அதுதான். இன்றைக்கு பிரிட்டனும் இத்தாலியும் 2035க்கான விமானத்துக்கு ஜப்பானை பங்காளியாகச் சேர்த்திருக்கின்றன. 94ன் விலையில் அதையும் போடுங்கள்.

நள்ளிரவு பில்ட்:

சிவப்பு அட்டை விமானம் எங்கள் ஆபீஸிலும் ஒன்று உண்டு. டெஸ்ட் சர்வர். ராம் மெமரி எல்லாம் கழற்றியாயிற்று.

காகித ராக்கெட்:

அண்ணா, ராத்திரி உட்கார்ந்து நாலாவது கட்டம் ஒன்று சேர்த்துவிட்டேன், "இன்ஜின் யாருடையது" என்று. தேஜஸ், அமெரிக்கா. தென்கொரியாவின் கேஎஃப்-21, அமெரிக்கா. துருக்கியின் கான், இப்போதைக்கு அமெரிக்கா. சீனாவின் ஜே-20 ரஷ்ய இன்ஜினில் ஆரம்பித்து இப்போது சொந்த இன்ஜின். ரஃபேல், பிரான்ஸ். கிரிப்பென், ஸ்வீடன். ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தை விட்டு 1985ல் வெளியேறி, முதல் வெளிநாட்டு ஆர்டர் வர 2015 வரை காத்திருந்த பிரான்ஸைப் பிடிவாதக்காரன் என்று நினைத்திருந்தேன். இந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. சித்தப்பா மகனுக்கும் அனுப்பினேன், "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் பதில் வந்தது.

லாக்கிங் வயர்:

கிரிப்பெனைத் திருத்துங்கள் தம்பி. வெளியே வால்வோ ஆர்எம்12 என்று பேர், உள்ளே அமெரிக்க எஃப்404. புதிய கிரிப்பென்-ஈ எஃப்414. இது சின்னப் பிழை இல்லை. அதற்கு முந்தைய விகென் விமானத்திலும் இதே கதைதான். போயிங் 727ல் இருந்த பயணிகள் விமான இன்ஜினை எடுத்து ஸ்வீடன் மாற்றி அமைத்தது. 1978ல் இந்தியா கேட்டபோது விமானம் ஸ்வீடனுடையது, விற்க ஸ்வீடனுக்கு ஆசை. இன்ஜினுக்கு அமெரிக்கா அனுமதி தரவில்லை. இந்தியா ஜாகுவார் வாங்கியது.

அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் இன்ஜின் மேல் எழுதியிருக்கிற பேர், இன்னொன்றில் கையெழுத்து யாருடையது.