பழைய ஒரு அங்குல வரைபடத்தில் தோட்டத்துக் கான்கள் ஏன் இல்லை?

ஹப்புத்தளை மாணவி:
பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் அரிப்பைத் தடுக்க முன்பு என்ன செய்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததிலிருந்து, மழை பிடித்தால் எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்கும் தூக்கம் வராது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம் ஸ்கேனாகக் கிடைத்தது. காடு, ரோட்டு, ஆறு எல்லாம் இருக்கிறது. லயத்துக்கு மேலே ஓடும் கான்களில் (மழைநீர் வடிகால்களில்) ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் கானே வெட்டவில்லை என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
அப்படி எழுதிடாதீங்க மகள். அதில் ஒரு அங்குலம் என்றால் ஒரு மைல். ஒரு மில்லிமீற்றர் கோடு தரையில் 63 மீற்றர் வரும். கானை அதில் எங்கே கீறுவது? தோட்டத்துப் பிளானைத் தேடுங்க. மலைக்கு மலை, அதாவது தேயிலை நிலத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், நம்பரும் ஏக்கரும் போட்டு ஆபீசில் சுருட்டி வைத்திருப்பார்கள். 1975இல் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992இல் கம்பனி நிர்வாகத்துக்கு வந்தது. இத்தனை கைமாறியும் தப்பிய பிளான் பொன் மாதிரி.

ஆனால் பிளானில் கோடு இருந்தால் வெட்டினார்கள் என்றுதான் தெரியும், பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியாது. கானைச் சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தில் வெட்டுவோம். உள்ளே இடைக்கிடை ஒரு மண் தடுப்பு விடுவோம், கானின் விளிம்பைவிடப் பதிவாக. தண்ணீர் அதில் நின்று மண்ணை இறக்கிவிட்டு, வழிந்து அடுத்த தடுப்புக்குப் போகும். அந்த மண்ணை அள்ளாமல் விட்டால் கான் தூர்ந்து ஒரே இடத்தில் உடைக்கும். கானே இல்லாத மலைகூட அவ்வளவு கெடாது. அதனால் பழைய செக்ரோல் (அன்றாட வேலைப் பதிவேடு) கிடைத்தால் விடாதீங்க. கான் வேலைக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்பதில்தான் அக்கறை தெரியும்.

பண்டாரவளை ஆசிரியர்:
ஐயா சொன்னது முழுக்கச் சரி. அதற்காக ஒரு அங்குலத் தாளை ஒதுக்கிவிடாதீங்க தங்கச்சி, காட்டுக்கு அதுதான் சாட்சி. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய (அரசுக்குச் சொந்தமான) காடுகளை வெட்டக் கொடுப்பதை நிறுத்தினார்கள். தாளில் உயரம் அடியில்தான் இருக்கும். 5000 அடிக் கோட்டைச் சிவப்பால் இழுத்து, அதற்கு மேலே தேயிலை எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்க. எல்லாமே தடையை மீறியது என்று முடிவு கட்டக் கூடாது, முன்பே விற்ற காணிகளும் உண்டு. இன்றைய 1:50,000 தாளோடு ஒப்பிடும்போது 1524 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்க.

மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1951இல். 1956இல் விமானத்திலிருந்து எடுத்த நிலப் படங்கள் கிடைத்தால் சட்டம் வந்து ஐந்து வருடத்தில் சரிவுகள் எப்படி இருந்தன என்று பார்க்கலாம். கொழும்பு நாரஹேன்பிட்டியில் நில அளவைத் திணைக்களத் தலைமையகத்திலேயே விசாரியுங்க.

ஹப்புத்தளை மாணவி:
மிக்க நன்றி ஐயா, சேர். பிளான் கிடைத்தால் முதலில் எதைப் பார்க்கட்டும்?

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
விதைத் தேயிலை (விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை) இருக்கிற மலையைப் பாருங்க. பழைய நடுகையில் நிரை மேலிருந்து கீழே நேராக இறங்கும். மண் போன இடமெல்லாம் அப்படிப்பட்ட மலைதான். பிறகு பிளானோடு மலை ஏறுங்க, மழை விட்ட மறுநாளே. எந்தக் கானில் கலங்கல் ஓடுது, எது அடைபட்டுக் கிடக்குது என்று கோட்டுக்குக் கோடு குறியுங்க. கான் வெட்டிய பெரியவர்கள் யாராவது லயத்தில் இருந்தால் கூடவே கூட்டிப் போங்க. பிளானைப் படம் எடுக்கும்போது ஓரத்திலுள்ள ஆண்டும் சர்வேயர் ஒப்பமும் கட்டாயம் விழணும்.