அண்டங்காக்கைத் தலை செய்யத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் பால்டிமோரில் இருக்கிறோம். என் ஒன்பது வயது மகளுக்கு ரேவன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஆள் வேடம் போட்டு ஆடும் அண்டங்காக்கை 'போ' என்றால் உயிர். பள்ளி மாறுவேட நாளுக்கு அந்த உடைதான் வேண்டும் என்கிறாள்.

எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1849-இல் இறந்தது இந்த ஊரில்தான். 1996-இல் இங்கே வந்த அணிக்கு அவருடைய 'தி ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையை வைத்து ரசிகர்களே பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் எட்கர், ஆலன், போ என்று மூன்று காக்கைகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் ஓர் ஆட்ட இடைவேளையில் சிறுவர்களோடு விளையாடியபோது போவுக்குக் காலில் அடிபட்டு, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்த வீடியோவைப் பார்த்தால் இன்றும் மகளுக்குக் கண் கலங்கிவிடும்.

உடம்பு முடிந்துவிட்டது. கறுப்புத் துணியை இறகு இறகாக வெட்டி, கீழிருந்து மேலாக அடுக்கி ஒட்டினேன். தலைதான் பிரச்சினை. ஸ்பாஞ்சில் செய்த அலகு கனத்து முன்னால் சாய்கிறது. அலகுக்குள் ஓட்டை போட்டு, பார்ப்பதற்குக் கறுப்பு வலை வைத்தேன். எதிரே தெரிகிறது, காலடி தெரியவில்லை. மேடைக்கு நான்கு படி ஏற வேண்டும்! இரண்டு நிமிடம் போட்டதற்கே முடியெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

உள்ளே சைக்கிள் ஹெல்மெட் வைத்தால் தலை ஆடாமல் நிற்குமா? சின்ன ஃபேன் வைப்பதென்றால் எந்தப் பக்கம்? இப்படி உடை போட்டு ஆடியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விழா.